எந்த அயல்மொழியைக் கற்பது?

பள்ளியில் சமஸ்கிருதம் பயில அண்ணல் அம்பேத்கர் விரும்பினார். தீண்டாமை அதை மறுத்ததால் பாரசீகம் பயின்றார். இன்று தேர்வு நம் கையில் உள்ளது. வேலைவாய்ப்பை மட்டுமே அளவுகோலாகக் கொள்ளாமல், நம் வழக்குகளுக்கு உதவும் சட்ட அனுபவம் எம்மொழியில் திரண்டுள்ளது என்றும் கேட்க வேண்டும்.

பிரேசில் 2012இல் கூட்டாட்சிப் பல்கலைக்கழகங்களில் இடஒதுக்கீட்டைச் சட்டமாக்கியது. அதே ஆண்டு, இன அடிப்படையிலான ஒதுக்கீடு செல்லும் என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாதங்களின் மூலமொழி போர்த்துகீசியம். நிகரகுவாவின் அவாஸ் திங்னி பழங்குடிச் சமூகத்தின் கூட்டு நிலவுரிமையை, அமெரிக்கக் கண்ட நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றம் 2001இல் உறுதிசெய்தது. அவ்வழக்கை ஸ்பானிய மொழியில் பயில்வோர், பஞ்சமி நில மீட்பு வாதங்களுக்கு வலுச்சேர்க்கலாம்.

ஆங்கில மொழிபெயர்ப்புக்காகக் காத்திருப்போர், பிறர் தெரிந்தெடுத்ததை மட்டுமே படிக்கின்றனர்.