வெள்ளக்கடைக்கு கம்ப்யூட்டர் வாங்கப் போறீங்களா? இடி, மின்னலையும் கணக்குல சேருங்க!

ஏற்காடு:-

சேலம் மாவட்டம் ஏற்காடு ஒன்றியத்தில் உள்ள ஊராட்சிகளில் வெள்ளக்கடையும் ஒன்று. காபி, மிளகு, மூடுபனி, இடி, மின்னல் எல்லாம் சேர்ந்த ஊர். இங்கே காபிப் பழம் பறிச்ச கூலியில் மிச்சம் பிடிச்சு, காலேஜ் போகும் பிள்ளைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாம்னு ஒரு குடும்பம் முடிவு பண்ணினா, அது சின்ன விஷயம் இல்லை. ஒரு வருஷ சேமிப்பு அது.

கடை சேலத்தில் இருக்கிறது. வாங்கின பொருள் சரியில்லை என்றால் மறுபடி 20 கொண்டை ஊசி வளைவு இறங்கணும், ஏறணும். ஒரு நாள் கூலி போச்சு. பஸ் காசும் போச்சு. அதனால் கீழே கடையில் நிற்கும்போதே சரியாகத் தேர்வு செய்வதுதான் புத்திசாலித்தனம்.

படிப்பு, ஆன்லைன் விண்ணப்பம், டைப்பிங், கணக்கு, சினிமா, கொஞ்சம் கேம்ஸ். எல்லாத்துக்கும் ஒரே கம்ப்யூட்டர், நடுத்தர பட்ஜெட். எந்த பாகத்துக்கு எவ்வளவு செலவு செய்வது? விவரம் வருமாறு:-

100 ரூபாயை பிரிப்பது எப்படி?

முதலில் கையில் இருக்கும் மொத்த பணத்தை 100 ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். அதில் பிராசசருக்கு 22, மதர்போர்டுக்கு 16, ரேமுக்கு 17, எஸ்.எஸ்.டி.க்கு 11, எஸ்.எம்.பி.எஸ்.க்கு 8, கேபினெட்டுக்கு 5, மானிட்டருக்கு 13, கீபோர்டு மவுசுக்கு 2, யு.பி.எஸ்.க்கு 6.

50 ஆயிரம் ரூபாய் பட்ஜெட் என்றால் பிராசசருக்கு 11 ஆயிரம், எஸ்.எம்.பி.எஸ்.க்கு 4 ஆயிரம், யு.பி.எஸ்.க்கு 3 ஆயிரம் என்று வரும். அன்றைய விலையைப் பார்த்து முன்னே பின்னே மாற்றலாம். ஆனால் கடைசி நேரத்தில் காசு பத்தலைன்னு எஸ்.எம்.பி.எஸ்., யு.பி.எஸ். இரண்டிலும் மட்டும் கை வைக்காதீங்க. காரணம் கீழே வருகிறது.

பிராசசர்: "எப்" எழுத்தை பாருங்க

தனியாக கிராபிக்ஸ் கார்டு வாங்காத வரைக்கும், படம் காட்டும் வேலையையும் பிராசசரே செய்யணும். இன்டெல் பிராசசர் பெயரின் கடைசியில் "எப்" என்று இருந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. விலை கொஞ்சம் கம்மி என்பதால் தெரியாமல் வாங்கி விடுகிறார்கள். வீட்டுக்கு வந்து ஆன் செய்தால் ஸ்கிரீன் கறுப்பாகவே இருக்கும். கம்ப்யூட்டர் கெட்டுப் போகவில்லை. படம் காட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

2022-ல் வந்த இன்டெல் கோர் ஐ5 12400-ல் 6 கோர், 12 திரெட் உள்ளது. கிராபிக்சும் உண்டு. வீட்டு வேலைக்கு தாராளம். 2021-ல் வந்த ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜி-யிலும் 6 கோர். அதன் கிராபிக்ஸ் இதைவிட பலமானது. லேசான கேம்ஸ் விளையாடணும் என்றால் அது பொருத்தம்.

5 வருஷம் கழித்து பிராசசரை மட்டும் மாற்றும் எண்ணம் இருந்தால் ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 சாக்கெட் பக்கம் போகலாம். 2023-ல் வந்த ரைசன் 5 7600 அந்த வகை. போர்டு, ரேம் செலவு கூடும் என்பதை மறக்கக் கூடாது.

இன்டெல் 13, 14-ம் தலைமுறையில் அதிக மின்சாரம் இழுக்கும் சில டெஸ்க்டாப் பிராசசர்கள் திடீர் திடீரென நின்று போகும் கோளாறை 2024-ல் அந்த நிறுவனமே ஒப்புக் கொண்டது. அதற்கு மைக்ரோகோட் திருத்தம் தந்தது, வாரண்டியையும் 2 வருஷம் நீட்டித்தது. அந்த வகை வாங்கினால், போர்டின் பயாஸ் புதுசாக அப்டேட் செய்து தரச் சொல்லி கடையிலேயே கேளுங்கள்.

பெட்டி இல்லாமல், "டிரே" என்று சொல்லி விலை குறைச்சு கொடுக்கும் பிராசசரும் இருக்கிறது. அதற்கு வாரண்டி பேச்சு எல்லாம் கடைக்காரரோடுதான். சேலத்துக்கு அடிக்கடி போக முடியாதவங்க பெட்டியோடு வாங்குவது நல்லது. பெட்டிக்குள்ளேயே கூலரும் உண்டா என்று கேட்டுக்கோங்க.

போர்டும் ரேமும் ஜோடி சேரணும்

பிராசசருக்கு ஏற்ற சாக்கெட் உள்ள போர்டு வாங்கணும். ஐ5 12400-க்கு எச்610 அல்லது பி760 வகை போர்டு சேரும். எச்610 விலை கம்மி, ரேம் போட 2 இடம் மட்டும்தான். பி760-ல் பெரும்பாலும் 4 இடம் இருக்கும்.

ரேமில் டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்று 2 வகை. ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. ரெண்டுக்கும் வெட்டு வேற இடத்தில் இருக்கும். அழுத்தினால் உடையும். ஒரே மாடல் போர்டு 2 வகைக்கும் தனித்தனியாக வருவதால் பெட்டியில் என்ன போட்டிருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.

மொத்தம் 16 ஜி.பி. இருந்தால் போதும். அதையும் 16 ஜி.பி. ஒரே குச்சியாக வாங்காமல் 8 ஜி.பி. இரண்டாக வாங்குங்கள். ஒரு வழிக்கு பதிலாக இரண்டு வழியில் தகவல் போய் வரும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

2025 கடைசியில் ரேம் விலை உலகம் முழுக்க ஏறியது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்புகள் மொத்தமாகப் போனதுதான் காரணம். வாங்கும் நாளில் விலை கையைக் கடித்தால், இப்போதைக்கு 8 ஜி.பி. ஒன்று போடுங்கள். ஒரு இடத்தை காலியாக விடுங்கள். விலை இறங்கியதும் அதே வகையில் இன்னொன்று வாங்கிப் போட்டுக்கலாம். இதுக்காக எஸ்.எம்.பி.எஸ். காசை எடுக்காதீங்க.

எஸ்.எஸ்.டி: வேகமே இங்கதான்

பழைய ஹார்டு டிஸ்க் வினாடிக்கு 100 முதல் 200 எம்.பி. வரை படிக்கும். சாட்டா எஸ்.எஸ்.டி. 500-க்கு மேல் படிக்கும். போர்டிலேயே சொருகும் என்.வி.எம்.இ. வகை 3 ஆயிரத்தைத் தாண்டும். வீட்டில் உள்ளவர்கள் "கம்ப்யூட்டர் வேகமா இருக்கு"ன்னு சொல்வது பாதி இந்த பாகத்தால்தான். 500 ஜி.பி. என்.வி.எம்.இ. ஒன்று போதும். போட்டோ, வீடியோ நிறைய இருந்தால் பின்னாடி ஹார்டு டிஸ்க் சேர்க்கலாம்.

மலைக்கு முக்கியம் எஸ்.எம்.பி.எஸ்.

இனி சொல்வது ஏற்காட்டுக்காரங்களுக்கு மட்டும்.

நமது நிருபரின் சொந்த அனுபவம் இது. முதன்முதலில் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில், கேபினெட்டோடு இனாமாக வந்த எஸ்.எம்.பி.எஸ்.தான் இருந்தது. ஒரு கோடை மழை ராத்திரி, இடி இடித்தபோது பிளக்கை பிடுங்காமல் தூங்கிவிட்டோம். காலையில் எஸ்.எம்.பி.எஸ். செத்திருந்தது. தனியாகப் போகவில்லை. போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனது. போர்டு வாங்கிக்கலாம். ஹார்டு டிஸ்க்கில் இருந்த அப்பாவின் கடைசி போட்டோக்களை எந்த கடையில் வாங்குவது?

அதனால் இனாம் எஸ்.எம்.பி.எஸ். வேண்டாம். 450 வாட்ஸ், "80 பிளஸ் பிரான்ஸ்" முத்திரை உள்ளதை தனியாக வாங்குங்கள். லேபிளில் இன்புட் வோல்டேஜ் பாருங்கள். 100 முதல் 240 வரை என்று இருந்தால் வோல்டேஜ் இறங்கினாலும் சமாளிக்கும். 200 முதல் 240 என்று மட்டும் இருந்தால், சாயங்காலம் லைட் மங்கும் ஊருக்கு அது ஆகாது.

யு.பி.எஸ். 600 வி.ஏ. போதும். கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினும் மானிட்டரும் சேர்ந்து அதிகபட்சம் 150, 200 வாட்ஸ்தான் இழுக்கும். கரண்ட் போனால் வேலையை சேவ் செய்து அணைக்க நேரம் கிடைக்கும். இதிலும் இன்புட் 140 முதல் 300 வோல்ட் வரை தாங்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

எர்த் இல்லாமல் எதுவும் இல்லை

எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் வீட்டில் எர்த் சரியில்லை என்றால் பலன் இல்லை. பாறை நிலத்தில் எர்த் கம்பி ஆழமாக இறங்காமல் போவது உண்டு. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று பார்க்கச் சொல்லுங்கள். 2, 3 வோல்ட்டுக்குள் இருக்கணும். கூட இருந்தால் குழி தோண்டி கரி, உப்பு போட்டு எர்த்தை சரி செய்த பிறகு கம்ப்யூட்டர் வாங்குங்கள்.

எதிரிலேயே இறங்கும் இடியை எந்த யு.பி.எஸ்.சும், எந்த ஸ்பைக் கார்டும் தடுக்காது. வானம் உறுமினால் பிளக்கை சுவரில் இருந்தே பிடுங்கணும். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. இடி பக்கத்தில் வரும் முன்பே பிடுங்கணும், தலைக்கு மேல் இடிக்கும்போது வயரைத் தொடாதீங்க. இன்டர்நெட் செம்புக் கம்பி வழியாக வந்தால் அதையும் கழற்றுங்கள். பைபர் கேபிளின் கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனால் அதன் மோடத்துக்கு வரும் கரண்ட் பிளக்கையும் பிடுங்கத்தான் வேண்டும்.

குளிர் நல்லது, ஈரம் கெட்டது

ஏற்காடு கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். இந்த உயரத்தில் காற்று சமவெளியைவிட கொஞ்சம் லேசாக இருக்கும். விசிறி தள்ளும் காற்றில் சூடு குறைவாகவே கழியும். ஆனால் ஊரே குளிர்ச்சி என்பதால் அந்த நஷ்டம் ஈடாகி விடும். பிராசசரோடு வரும் சாதா கூலரே போதும். தண்ணீர் கூலர் வாங்கச் சொன்னால் வேண்டாம்னு சொல்லிடுங்க.

எதிரி ஈரம்தான். கேபினெட்டை தரையில் வைக்காதீங்க, சுவரோடு ஒட்டாதீங்க. அடுப்பு ஆவி படும் இடமும் ஆகாது. தினமும் ஒரு மணி நேரமாவது ஓட விடுங்கள். உள்ளே உண்டாகும் சூடே ஈரத்தை விரட்டும். மாதக்கணக்கில் துணி போட்டு மூடி வைத்த கம்ப்யூட்டர்தான் மூடுபனி காலத்தில் சீக்கிரம் துரு பிடிக்கும்.

பழசு வாங்கலாமா?

50 ஆயிரம் இல்லை, பாதிதான் இருக்கிறது என்றால் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கம்பெனிகள் கழித்துக் கட்டிய பழைய டெஸ்க்டாப் விற்பனைக்கு வருகிறது. விண்டோஸ் 10-க்கு இலவச பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்து விட்டது. விண்டோஸ் 11 போட இன்டெல் என்றால் 8-ம் தலைமுறை அல்லது அதற்கு மேல் இருக்கணும். அதற்கு கீழே உள்ளதை விண்டோஸ் 11 என்று சொல்லி விற்றால் நம்பாதீங்க. பழைய மெஷினில் உபுண்டு, அல்லது சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போட்டால் காசு செலவில்லாமல் ஓடும்.

பில் வாங்காமல் மலை ஏறாதீங்க

கடையிலேயே ஒரு மணி நேரம் ஓட விட்டுப் பாருங்கள். ரேம் முழுசாகக் காட்டுகிறதா, எல்லா யு.எஸ்.பி. துளையும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் ஜி.எஸ்.டி. பில்லில் இருக்கணும். "பில் இல்லாம ஆயிரம் குறைச்சுக்கறேன் அண்ணே"ன்னு கடைக்காரர் சொன்னால், அந்த ஆயிரத்துக்கு 3 வருஷ வாரண்டியை விற்கிறீர்கள் என்று அர்த்தம்.

பில் இருந்தும் மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் சொல்லலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது.

மலை ஏறும்போது கேபினெட்டை நிற்க வைக்காமல், போர்டு அடியில் வரும்படி படுக்க வையுங்கள். 20 வளைவிலும் கூலர் தொங்கி ஆடாது. மானிட்டரை மட்டும் பெட்டியோடு நிமிர்த்தி வையுங்கள். வீட்டுக்கு வந்து ஆன் செய்து படம் வரவில்லை என்றால் பதறாதீங்க. பிளக்கை பிடுங்கி, ரேமை கழற்றி, "டக்"கென்று சத்தம் வரும் வரை மறுபடி அழுத்துங்கள். பல நேரம் அதுதான் குறை. சேலத்துக்கு ஒரு நடை மிச்சம்.