தீவுக்குள் ஒதுங்கிய தளபதி

தலைமைப் பொறுப்பிலிருப்பவர்கள் தவறான முடிவெடுப்பதற்கு அறிவுக் குறைவைவிட மனத்தின் இயல்பான சாய்வுகளே பெரும்பாலும் காரணமாகின்றன என்பதற்கு உளவியல் நூல்கள் வணிக நிறுவனங்களையே சான்று காட்டினாலும், 1751 முதல் 1754 வரை திருச்சிராப்பள்ளிக்காக நடந்த போர் அவற்றினும் தெளிவான சான்றாகும்.

ஆங்கிலேயர் ஆதரித்த ஆர்க்காட்டு நவாப் முகமது அலியைத் திருச்சிக் கோட்டைக்குள் முற்றுகையிட்டிருந்த பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா, 1752 மார்ச் இறுதியில் ஆங்கிலேயத் தளபதிகளான லாரன்சும் கிளைவும் படையோடு கோட்டையை அடைந்ததும், நவாப் பதவிக்குப் போட்டியிட்ட கூட்டாளி சந்தா சாகிப்பின் மறுப்பையும் மீறிக் காவிரியைக் கடந்து திருவரங்கத் தீவில் ஒதுங்கினார். ஆதாயத்தைவிட அதே அளவு இழப்பை மனம் பெரிதாக உணர்வதே 'இழப்பச்சம்' என 1979-இல் கானெமனும் ட்வெர்ஸ்கியும் விளக்கினர்; படையை இழந்துவிடுவோமோ என்ற அவ்வச்சம் ஆட்கொண்டவருக்கு, இரு ஆறுகளும் கோயில் மதில்களும் அரணாகத் தோன்றுமேயன்றி, புதுச்சேரியிலிருந்து உணவும் துணைப்படையும் வரவேண்டிய வடகரைப் பாதை அடைபடக்கூடும் என்பது புலப்படாது. அதுவே நேர்ந்தது. இன்றைய மண்ணச்சநல்லூர் வட்டத்திலுள்ள சமயபுரத்தில் பாசறை அமைத்த கிளைவ், கொள்ளிடக் கரையிலுள்ள பிச்சாண்டார்கோவிலையும் கைப்பற்றினார். லாவின் உதவிக்கு வந்த பிரெஞ்சுத் தளபதி தோத்தேய் வாலிகண்டபுரத்தில் பணிய, ஜூன் மாதத்தில் லாவும் சரணடைந்தார். தஞ்சைப் படைத்தலைவரை நம்பிச் சென்ற சந்தா சாகிப் கொல்லப்பட்டார்.

முடிவை அறிந்த நாம் லாவைப் பேதை என்று எளிதில் தீர்ப்பிடுவதும், நடந்து முடிந்ததை முன்பே தெரிந்திருக்கவேண்டியதாகக் கருதும் 'பின்னறிவு மயக்கம்' என்னும் மற்றொரு பொறியே.

இத்தகைய பொறிகளுள் மிகக் கொடியது புதுச்சேரி ஆளுநர் டூப்ளேயைப் பற்றிக்கொண்டது. ஒரு படையே சிறைப்பட்ட பின்னும் அவர் திருச்சியைக் கைவிடாமல், தம் சொந்தப் பணத்தையும் போரில் கொட்டி, மீண்டும் மீண்டும் படை அனுப்பினார். 1753 நவம்பரில் இரவோடிரவாக வெளிமதிலில் ஏறிய பிரெஞ்சு வீரர்கள் உள்மதிலைத் தாண்ட இயலாமல் நூற்றுக்கணக்கில் பிடிபட்டனர். மீளாத செலவை மீட்கும் நோக்கில் மேலும் செலவிடும் இப்போக்கை 1976-இல் ஆராய்ந்த பாரி ஸ்டா, தோற்ற திட்டத்தைத் தாமே தேர்ந்தெடுத்தவர்கள்தாம் அதற்குக் கூடுதலாக நிதி ஒதுக்கினர் எனக் கண்டார். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலை உரிமையாளர் ஒருவர், விலை இறங்கிய பின்னும், கொள்முதல் விலை கிடைத்தாலன்றி விற்பதில்லை என்று நெல்லை இருப்பில் வைத்திருப்பாராயின், அவரும் இதே பொறியில் சிக்கியவரே. அந்நெல்லை இன்றைய விலைக்குப் புதிதாக வாங்குவாரா என்பதே அவர் தம்மைக் கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி.

டூப்ளே அக்கேள்வியைக் கேட்டதாகத் தெரியவில்லை. 1754 ஆகஸ்டில் அவருக்குப் பதிலாக வந்த கோதேயு, தாம் தொடங்காத போரைச் சில மாதங்களில் உடன்படிக்கையால் நிறுத்தினார்.