தூசு மறைத்த முகம்

மாணவர்களே, செய்ஃபர்ட் அண்டங்களின் மையம் பேரொளி வீசும். நிறமாலையில் அகன்ற வரிகளும் இருந்தால் முதல் வகை. குறுகிய வரிகள் மட்டுமெனில் இரண்டாம் வகை. கருந்துளையருகே வாயு நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் சுழல்வதால் வரி அகல்கிறது (நீங்கள் படித்த டாப்ளர் விளைவுதான்!). அப்படியானால் இரண்டாம் வகையில் அவ்வாயு இல்லையா?

திமிங்கில விண்மீன் குழுவிலுள்ள எம் 77 இரண்டாம் வகை. 1985இல் அன்டோனூச்சியும் மில்லரும் அதன் தளவிளைவுற்ற ஒளியை மட்டும் பிரித்து ஆராய்ந்தனர். அகன்ற வரிகள் தெரிந்தன!

கட்டடம் கதிரவனை மறைத்தாலும், வானில் சிதறிய ஒளி அறைக்குள் வருகிறதல்லவா? அதுவும் ஓரளவு தளவிளைவுற்றதே. எம் 77இன் மையத்தைத் தடித்த தூசு வளையம் நம்மிடமிருந்து மறைக்கிறது. வளையத்துக்கு மேலே எலெக்ட்ரான்கள் சிதறடித்த ஒளியே செய்தி கொண்டுவந்தது. வேறு திசையிலிருந்து பார்ப்பவருக்கு அது முதல் வகை! ஆனால் எல்லா இரண்டாம் வகை அண்டங்களிலும் இவ்வரிகள் அகப்படவில்லை.