பெருவிரல் எந்தப் பக்கம்?

மழை விட்ட மறுநாள் வால்பாறைத் தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில், வெறுங்காலோடு யாரோ நடந்துபோனது போன்ற தடம் சில சமயம் கண்ணில் படும். ஈரச் செம்மண்ணில் குதிகால், உள்ளங்கால், ஐந்து விரல் எல்லாம் அச்சாகப் பதிந்திருக்கும். அவசரப்படாமல் குந்த வைத்து உட்கார்ந்து விரல்களைப் பார்க்க வேண்டும். நம் பாதத்தில் பெருவிரல் உட்புறம் இருக்கிறது, சுண்டுவிரல் வெளிப்புறம் இருக்கிறது. அந்தத் தடத்தில் இது மாறியிருக்கும். இருப்பதில் சின்ன விரல் உட்புறம் இருக்கும். விரல்கள் ஏறத்தாழ ஒரே கோட்டில் நிற்கும். அவற்றுக்கு முன்னால் நகம் குத்திய குழிகள் தெரியும். அது கரடியின் பின்னங்கால்.

நடக்கும்போது முன்னங்கால் பதிந்த இடத்தின் மேலேயே பின்னங்கால் பாதி ஏறி விழுவதும் உண்டு. அப்போது இரண்டு தடங்களும் ஒட்டிக்கொண்டு, எட்டடி ஆளின் பாதம் போல நீண்டுவிடும்.

மலைக்காடு இருக்கும் இடமெல்லாம் உடம்பு முழுக்க ரோமம் மூடிய மனிதனைப் பற்றிய கதையும் இருக்கிறது. இமயத்தில் யெட்டி, மேகாலயாவின் காரோ மலையில் மாண்டே புருங், இலங்கையில் நிட்டாவோ. இவற்றை வெறும் புளுகு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. பார்த்தவர்கள் பெரும்பாலும் எதையோ பார்த்துத்தான் இருக்கிறார்கள். அது என்ன என்று சொல்வதில்தான் தடுமாற்றம்.

யெட்டியை எடுத்துக்கொள்வோம். 1951-இல் எரிக் ஷிப்டன் மென்லுங் பனியாற்றில் ஒரு தடத்தின் பக்கத்தில் பனிக்கோடரியை வைத்து எடுத்த படம் உலகத்தையே உலுக்கியது. பனியில் பதிந்த தடம் வெயில் ஏற ஏற ஓரம் உருகி அகலமாகும் என்பது அன்று பலருக்கு உறைக்கவில்லை. 2017-இல் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷார்லட் லிண்ட்குவிஸ்ட் குழுவினர், யெட்டியுடையவை என்று மடங்களிலும் அருங்காட்சியகங்களிலும் பிறரிடமும் இருந்த எலும்பு, பல், தோல், முடி, சாணம் ஆகிய ஒன்பது மாதிரிகளின் டிஎன்ஏவைப் பிரித்துப் பார்த்தார்கள். எட்டு மாதிரிகள் கரடி, ஒன்று நாய். காரோ மலையில் எடுத்த ரோமத்தை 2008-இல் சோதித்தபோது அது கோரல் என்னும் மலையாட்டினத்துடையது என்று தெரியவந்தது.

ஒற்றை முடியை வைத்து இதையெல்லாம் எப்படிச் சொல்கிறார்கள்? முடியின் மேற்பரப்பில் மீன் செதில் போன்ற அடுக்கு உண்டு. நடுவில் தண்டு போல ஒரு பகுதி ஓடும். இவ்விரண்டின் அமைப்பும் விலங்குக்கு விலங்கு மாறுபடுவதால், நுண்ணோக்கியிலேயே பாதி விடை கிடைத்துவிடும். வேரோடு பிடுங்கிய முடியென்றால் உயிரணுக்களின் உட்கருவில் உள்ள டிஎன்ஏவே கிடைக்கும். வேர் இல்லாவிட்டாலும் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ மிச்சமிருக்கும். எந்த இனம் என்று சொல்ல அதுவே போதும்.

நமக்கு அடுத்த வீடான இலங்கையின் கதை கொடுமையானது. தென்கிழக்குக் காடுகளில் மூன்று, நான்கு அடி உயரத்தில், நீண்ட நகங்களோடு நிட்டாவோ என்ற கூட்டம் வாழ்ந்ததாகவும், வேடர்கள் அவர்களை ஒரு குகைக்குள் விரட்டி, வாயிலில் விறகைக் குவித்து மூன்று நாள் தீ மூட்டி அழித்ததாகவும் அக்கதை சொல்கிறது. ஹியூ நெவில் 1886-இல் இதை எழுதினார். 1945-இல் விலங்கியலாளர் ஆஸ்மன் ஹில் இதை விடை தெரியாத புதிர் என்றே எழுதினார். ஆனால் நிட்டாவோவின் எலும்பு என்று ஒன்றும் கிடைக்கவில்லை. இலங்கைக் குகைகளில் கிடைத்த பலாங்கொடை மனிதனோ குள்ளன் அல்ல, நம்மில் பலரைவிட உயரமானவன்.

இதோடு ஒட்டிப்போகும் இன்னொரு கதை இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் இருக்கிறது. அங்கே எபு கோகோ என்ற ரோமக் குள்ளர்களையும் குகையில் வைத்து எரித்ததாகவே சொல்கிறார்கள். 2003-இல் அதே தீவின் லியாங் புவா குகையில் மூன்றரை அடி உயரமே இருந்த ஒரு மனித இனத்தின் எலும்புகள் கிடைத்தபோது, நாட்டார் கதை உண்மையாகிவிட்டது என்று பலர் துள்ளினார்கள். அந்த இனத்தின் கடைசிச் சுவடுகள் சுமார் 50,000 ஆண்டுப் பழமையானவை. அவ்வளவு காலம் ஒரு நினைவு வாய்வழியாக வந்திருக்கும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கடல் தாண்டிய இரண்டு தீவுகளில் குகையும் தீயும் அப்படியே திரும்ப வருவது, மனிதர்கள் கதை கட்டும் விதத்தைத்தான் காட்டுகிறது.

இந்தியாவில் வாலில்லாப் பெருங்குரங்கே இருந்ததில்லையா என்றால், இருந்தது. இமாசலப் பிரதேசத்தின் ஹரிதல்யங்காரில் 1968-இல் கிடைத்த ஒரு பெரிய தாடை அதற்குச் சாட்சி. அதன் வயது எண்பது லட்சம் ஆண்டுகளுக்கும் மேல். மேற்குத் தொடர்ச்சி மலையில் அப்படி ஒன்றும் அகப்படவில்லை. 2018 புலிக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 26,838 இடங்களில் தானியங்கிக் கேமராக்கள் வைத்து, சுமார் 3 கோடியே 48 லட்சம் படங்கள் எடுத்தார்கள். புலி, சிறுத்தை, யானை, கரடி எல்லாம் அதில் பதிந்தன. ரோம மனிதன் ஒருவன் காட்டில் குடும்பம் குட்டியோடு வாழ்ந்தால், அவனும் ஒருநாள் அந்தக் கேமராவின் முன்னால் நடந்துதானே ஆகவேண்டும்!

எங்கள் சிங்காநல்லூர்ப் பக்கம் மில் வேலைக்குப் போனவர்களைப் போலவே வால்பாறை எஸ்டேட்டுகளுக்குப் போனவர்களும் உண்டு. அவர்கள் வழியாகத்தான் கதை வீட்டுக்கு வந்தது. "மலைல மனுசனாட்டமே ஒண்ணு நிக்குமாம் கண்ணு, மேலெல்லாம் மசுரு" என்று எங்கள் அம்மிச்சி (பாட்டி) சொல்வார். அந்த வாக்கியத்தில் பொய் ஒன்றுமில்லை என்பது இப்போது புரிகிறது.

நம் மலைக்கரடிக்குக் கண்பார்வை மட்டு, மூக்கு மகா கூர்மை. சந்தேகம் வந்தால் வாசனை பிடிக்கப் பின்னங்காலில் எழுந்து நிற்கும். கழுத்திலும் தோளிலும் முடி சடைசடையாகத் தொங்கும். முகவாய் வெளிறியிருக்கும், மார்பில் வெள்ளையாக ஒரு வளைவு தெரியும். கரடி இனங்களில் குட்டிகளை முதுகில் சுமந்து திரிவதையே வழக்கமாகக் கொண்டது இது ஒன்றுதான். அந்தி மயங்கும் நேரத்தில், தேயிலைச் செடிக்கு மேலே, கூன் முதுகும் இரண்டு தலையுமாக ஓர் உருவம் அசைந்தால் யாருக்குத்தான் குலை நடுங்காது? புற்றில் வாயை வைத்துக் கறையானை உறிஞ்சும் சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். அப்படி உறிஞ்சுவதற்கென்றே இதன் மேல்வரிசையில் நடு முன்பற்கள் இரண்டு இல்லாமலே போயின. அந்தப் பல் அமைப்பையும் நீண்ட நகத்தையும் கண்டு ஏமாந்துதான், 1791-இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்த ஜார்ஜ் ஷா, தென் அமெரிக்காவில் மரத்தில் தொங்கும் தேவாங்கு போன்ற ஒரு விலங்கின் இனத்தில் இதைச் சேர்த்துவிட்டார். விலங்கியலாளருக்கே அந்தக் குழப்பம் என்றால், இருட்டில் ஒரு நொடி பார்த்தவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

ஆனைமலையின் காடர், முதுவர், மலசர் மக்கள் தேனுக்கும் கிழங்குக்கும் கரடி நடக்கும் அதே காட்டில் நடப்பவர்கள். அவர்களுக்குக் கரடியின் தடம் புதிதல்ல. இமயத்தில் தடத்தைக் கண்டு மனிதன் என்று பரபரத்தவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து மலையேற வந்தவர்களே. கரடியை அறியாத கண்ணுக்குத்தான் அது சட்டென்று மனிதனாகிவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அறியாமையின் விலையைக் கொடுத்தது கரடிதான். கரடி வித்தைக்காரர் தெருவுக்கு வந்தால் பயந்த குழந்தையை அதன் முதுகில் ஏற்றி இறக்கி, ஒரு முடியைப் பிடுங்கித் தாயத்தில் அடைத்துக் கட்டியதை நம் ஊர்ப் பெரியவர்கள் பலர் பார்த்திருப்பார்கள். மூக்கைத் துளைத்துக் கயிறு கோத்த அந்தக் கரடிகளுக்கு 2009-இல்தான் முழு விடுதலை கிடைத்தது. இன்று கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடிகள் கோயிலுக்குள் புகுந்து விளக்கில் உள்ள எண்ணெயைக் குடிக்கின்றன, பேக்கரிக் கதவை உடைக்கின்றன. காடு சுருங்கித் தோட்டமாகி, தோட்டத்துக்குள் குப்பைமேடு வந்தால் வேறென்ன நடக்கும்?

புலியிடமிருந்தே எழுந்து நின்று தப்பிப் பழகிய விலங்கு இது. திடுக்கிட்டால் ஓடுவதைவிடப் பாய்வதே இதன் குணம். கரடி மனிதரைத் தாக்குவதில் பெரும்பகுதி எதிர்பாராமல் கிட்டத்தில் முட்டிக்கொள்வதால் நடப்பது. ஆகவே எஸ்டேட் பாதையில் அதிகாலையிலோ அந்தியிலோ தனியாகப் போகாமல் நாலு பேராகச் சேர்ந்து, சத்தமாகப் பேசிக்கொண்டு, கையில் டார்ச்சோடு போக வேண்டும். லைன் வீடுகளுக்குப் பக்கத்திலேயே கழிப்பறை, பாதையில் தெருவிளக்கு, மூடி போட்ட குப்பைத்தொட்டி இவை மூன்றும் வேண்டும். தடம் ஏதாவது கண்ணில் பட்டால் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து, விரல்கள் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து வனத்துறைக்கு அனுப்புங்கள்.