ஸ்டீரொய்ட் தொடங்கு முன் மலத்தைச் சோதியுங்கள்

"பூச்சிக்குத்தான் குளிசை போட்டாச்சே!" மலத்தைச் சோதியுங்கள் என்றால், வந்தாறுமூலையில் இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மூட்டுவாதம், சிறுநீரக நோய், இழுப்பு என்று ஆளுக்கொரு காரணத்துக்காக ஸ்டீரொய்ட் எடுக்கிறார்கள். வட்டைக்குள் வெறுங்காலோடு இறங்கி வெள்ளாமை செய்தது மட்டும் எல்லாருக்கும் பொது.

அந்தக் காலின் தோலைத் துளைத்து நுழையும் ஸ்ட்ரொங்கிலொய்டஸ் என்ற நுண்புழு, குடலிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகிச் சத்தமில்லாமல் இருக்கும். சயாம் மரண ரயில்பாதையில் உழைத்த போர்க்கைதிகளிடம் 40 ஆண்டுகள் கழித்தும் இது கண்டுபிடிக்கப்பட்டது. ஸ்டீரொய்ட் உடலின் எதிர்ப்பை அடக்கியதும் புழு கட்டுமீறிப் பெருகும். நுரையீரல்வரை பரவி, குடல் கிருமிகளையும் இரத்தத்துக்குள் கொண்டுபோகும். அந்த நிலைக்கு வந்தவர்களில் பலர் பிழைப்பதில்லை.

வழக்கமான ஒற்றைப் பூச்சிக் குளிசை இதை ஒழிக்காது. இதற்குரிய மருந்து ஐவர்மெக்டின். அளவை உங்கள் நிறை பார்த்து வைத்தியர்தான் சொல்லவேண்டும்.

கிளினிக்கில் மலப் பரிசோதனைச் சீட்டைத் தரும்போது, "ஸ்ட்ரொங்கிலொய்டஸ் குடம்பி பார்க்கவும்" என்று எழுதச் சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள். அந்த ஒரு வரியை எழுத நேரமில்லை என்பவரிடம் மறுபடியும் கேளுங்கள். இந்தப் புழு மலத்தில் பெரும்பாலும் முட்டையாக அல்ல, குடம்பியாகவே வெளிவரும். எல்லா நாளும் வராது. "முட்டை இல்லை" என்ற ஒரு நாள் முடிவோடு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். வெவ்வேறு 3 நாட்களில், சிறுநீர் கலக்காமல் எடுத்து, குளிர்ப்பெட்டியில் வைக்காமல் உடனே ஆய்வுகூடத்தில் கொடுங்கள். இரத்தப் பரிசோதனையும் உண்டு, கேளுங்கள். நோய் அவசரமானது, ஸ்டீரொய்டைப் பிற்போட முடியாது என்றால், ஐவர்மெக்டினை முன்கூட்டியே தரலாமா என்றும் கேளுங்கள்.

புற்றுநோய் மருந்து ஏற்றுபவர்கள், சிறுநீரகம் மாற்றியவர்கள், எச்ஐவி உள்ளவர்களுக்கு இன்னொரு ஆபத்து, தண்ணீரில் பரவும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி. வயிற்றோட்டம் 2 வாரம் தாண்டினால் சீட்டில் அதன் பெயரும் இருக்கவேண்டும். தனிச் சாயமிட்டால்தான் தெரியும்.

வெள்ளம் வடிந்ததும் கிணற்றுக்குக் குளோரின் போடவேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வராவிட்டால் செங்கலடி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய்க் கேளுங்கள். ஆனால் குளோரின் கிரிப்டோஸ்போரிடியத்தைச் சாகடிக்காது. 1993இல் அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் குளோரின் கலந்த குழாய்நீரைக் குடித்துச் சுமார் 4 இலட்சம் பேர் நோயுற்றார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் எயிட்ஸ் நோயாளிகள். தண்ணீரைக் கொதிக்கவையுங்கள், பல் துலக்கும் தண்ணீரையும்தான். குளோரின் போட்ட கிணறாக இருந்தாலும் கொதிக்கவையுங்கள்.

ஏற்கெனவே ஸ்டீரொய்ட் எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பயத்தில் குளிசையை நிறுத்தவேண்டாம். திடீரென நிறுத்துவதும் உயிருக்கு ஆபத்து. காய்ச்சல், மூச்சுத்திணறல், வயிற்றுவலி வந்தால் கிளினிக் நாள்வரை காத்திராமல், கிளினிக் கொப்பியோடு அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.