கரப்பான்பூச்சியின் மேடைக் கூச்சம்

1969-இல் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ஸையான்ஸும் அவருடைய சகாக்கள் இருவரும் கரப்பான்பூச்சிகளுக்கு ஓர் ஓட்டப்பந்தயப் பாதை அமைத்தார்கள், கேலரியோடு. பாதையின் ஒரு முனையில் பளீரென்று விளக்கு. கரப்பானுக்கு வெளிச்சம் ஆகாது என்பதால், அது மறுமுனையில் உள்ள இருட்டறையைப் பார்த்து ஓடும். பாதையை ஒட்டி, ஊடுருவித் தெரியும் பிளாஸ்டிக் பெட்டிகள். அவற்றுக்குள் வேறு கரப்பான்பூச்சிகள் உட்கார்ந்திருந்தன. பார்ப்பதைத் தவிர அவற்றுக்கு வேறு வேலை கிடையாது.

பாதை நேராக இருந்தபோது, மற்றவை பார்க்க ஓடிய பூச்சி தனியாக ஓடியதைவிட வேகமாக ஓடியது. பாதையில் ஒரு திருப்பத்தை வைத்ததும் கதை மாறிவிட்டது. கூட்டத்தின் எதிரே அது தடுமாறியது, தனியாக இருந்ததைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது. (பல ஆண்டுகள் கழித்து இதே சோதனையைத் திருப்பிச் செய்தவர்களுக்கு முடிவு இவ்வளவு அழகாக அமையவில்லை. பூச்சிகளை மட்டும் நம்பி ஒரு கொள்கையைத் தூக்கி நிறுத்த முடியாதுதான்.)

ஆனால் மனிதர்களிடமும் இது தென்பட்டது. 1982-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு பல்கலைக்கழகத்தில் பூல் விளையாடியவர்களை ஆராய்ச்சியாளர்கள் முதலில் ஒதுங்கி நின்று கணக்கெடுத்தார்கள். பிறகு நான்கு பேர் மேஜையருகே போய் நின்று வெளிப்படையாக வேடிக்கை பார்த்தார்கள். நூற்றுக்கு 71 பந்துகளைக் குழியில் போட்டுக்கொண்டிருந்த நல்ல ஆட்டக்காரர்கள் 80-க்கு ஏறினார்கள். சுமாராக ஆடுபவர்கள் 36-இலிருந்து 25-க்கு இறங்கினார்கள். பார்த்தவர்கள் கைதட்டவும் இல்லை, கேலி செய்யவும் இல்லை. சும்மா நின்றார்கள், அவ்வளவே.

ஸையான்ஸ் 1965-லேயே இதற்கு ஒரு விளக்கம் சொல்லியிருந்தார். பிறர் பார்க்கிறார்கள் என்றாலே உடலில் ஒரு விறுவிறுப்பு ஏறுகிறது. அந்த விறுவிறுப்பில், நமக்குள் எது ஆழமாக ஊறிக்கிடக்கிறதோ அதுதான் முதலில் வெளியே வரும். ஊறியது நல்ல பழக்கமானால் நன்றாகச் செய்வோம், இல்லையென்றால் சொதப்புவோம்.

இப்போது சென்னையில் ஏதோ ஒரு கஃபே மாடியில், யார் வேண்டுமானாலும் மேடையேறலாம் என்று நடக்கும் ஓப்பன் மைக்கை நினைத்துக்கொள்ளுங்கள். முதல்முறை ஸ்டாண்ட்-அப் செய்ய வருபவருக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். நேற்றிரவு எழுதி முடித்த செட், கைபேசியில் இருக்கிறது. அவருக்குள் ஊறிக்கிடப்பது அந்த ஜோக் அல்ல. அது வந்து ஒரு நாள்தான் ஆகிறது. ஊறிக்கிடப்பவை இருபது வருடப் பழக்கங்கள்: தரையைப் பார்ப்பது, மைக் வயரைத் திருகுவது, வாக்கியத்துக்கு வாக்கியம் “ஆக்சுவலா” போடுவது, வாக்கியத்தின் கடைசியில் குரலை விழுங்குவது. கூட்டம் இவற்றைத்தான் பெருக்கிக் காட்டும். நண்பர்கள் வட்டத்தில் வயிறு குலுங்க வைப்பவர் மேடையில் மரமாக நிற்பதற்குக் காரணம் திறமைக் குறைவு என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாதையில் திருப்பம் இருக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் ஒத்திகையை மனதுக்குள் மட்டும் ஓட்டிப்பார்த்தால் போதாது. நின்றுகொண்டு, வாய்விட்டு, கையில் மைக்குக்குப் பதில் ஒரு கரண்டியையாவது பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்க்க வேண்டும். வாய்க்குப் பழகிய வாக்கியத்துக்கு மூளையின் மேற்பார்வை அவ்வளவாகத் தேவைப்படாது. அப்படி மிச்சமாகும் கவனத்துக்கு மேடையில் வேறு வேலை இருக்கிறது. ஆனால் அந்தப் பழக்கம் ஒரே நாளில் வராது. அமெரிக்க நகைச்சுவையாளர் ஸ்டீவ் மார்ட்டின் 2007-இல் எழுதிய தன்வரலாற்றில் தன்னுடைய ஸ்டாண்ட்-அப் வாழ்க்கையை 18 வருடங்களாகக் கணக்கிடுகிறார். அதில் கற்றுக்கொண்டது மட்டும் 10 வருடம்.

பத்து வருடம் ஆனாலும் நடுக்கம் முழுசாகப் போய்விடாது. மேடை ஏறும்போது அட்ரினலின் சுரந்து இதயம் வேகமெடுக்கிறது, விரல் நடுங்குகிறது, உமிழ்நீர் குறைந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது. “பதறாதே, அமைதியாக இரு” என்பது நாம் எல்லோரும் கொடுக்கும் அறிவுரை. ஹார்வர்டைச் சேர்ந்த அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் அது சரியான அறிவுரை இல்லை என்று தெரியவந்தது. பேசப்போகும் முன் “நான் அமைதியாக இருக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, “எனக்கு உற்சாகமாக இருக்கிறது” என்று வாய்விட்டுச் சொன்னவர்களின் பேச்சுக்கு அதிக மதிப்பெண் கிடைத்தது. பதற்றத்திலும் உற்சாகத்திலும் உடல் செய்வது ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டிலும் நெஞ்சு படபடக்கும். ஓடுகிற நெஞ்சை நிறுத்துவதைவிட அதற்கு வேறு பெயர் வைப்பது எளிது.

இன்னொரு ஆறுதலும் உண்டு. நம் நடுக்கம் எதிரே இருப்பவர்களுக்குத் தெரிகிறது என்று நாம் நம்பும் அளவுக்கு அவர்களுக்குத் தெரிவதில்லை. உளவியலாளர்கள் தாமஸ் கிலோவிச்சும் கென்னத் சவிட்ஸ்கியும் இதைப் பல சோதனைகளில் காட்டினார்கள். 2003-இல் வெளியான ஒன்றில், மாணவர்களைப் பேசவிடுமுன் ஒரு பிரிவினரிடம் மட்டும் இந்த உண்மையைச் சொல்லி அனுப்பினார்கள். மற்றவர்களைவிட அவர்கள் நன்றாகப் பேசினார்கள். அவர்களே அப்படி நினைத்துக்கொண்டார்கள் என்பது பெரிய விஷயமில்லை, கேட்டவர்களும் அதையே சொன்னார்கள். ஆகவே “சாரி, எனக்கு ரொம்ப டென்ஷனா இருக்கு” என்று ஆரம்பிப்பவர், யாரும் கவனிக்காத ஒன்றைக் கைகாட்டிக் கொடுக்கிறார்.

இனி எதிரே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்ப்போம். சிரிப்பை ஒலிப்பதிவு செய்து அலைவடிவமாகப் பிரித்துப் பார்த்தவர் மேரிலாண்டில் பணியாற்றிய உளவியலாளர் ராபர்ட் புரோவைன். ஒவ்வொரு “ஹ”வும் சுமார் 75 மில்லிநொடி நீளம். ஒரு “ஹ” தொடங்கி அடுத்த “ஹ” தொடங்குவதற்குள் சுமார் 210 மில்லிநொடி. யார் சிரித்தாலும் கிட்டத்தட்ட இதே தாளம். சிரிப்பு என்பது வெளியே விடும் மூச்சைத் துண்டு துண்டாக நறுக்குவது. பேச்சுக்கும் அதே மூச்சுதான் வேண்டும் என்பதால் இரண்டும் சேர்ந்து நடப்பது எளிதல்ல. கடைவீதிகளிலும் கல்லூரி வளாகங்களிலும் சுமார் 1200 சிரிப்புகளைக் குறித்து வைத்த புரோவைன் குழு, சிரிப்பு பேச்சின் நடுவே குறுக்கிடுவது மிக அரிது, வாக்கியம் முடியும் இடத்தில்தான் வந்து விழுகிறது என்று கண்டது.

அப்படியானால் கேட்பவர்கள் தங்கள் முறைக்காகக் காத்திருக்கிறார்கள். ஸ்டாண்ட்-அப் ஒரே ஆள் பேசுவதுபோலத் தோன்றினாலும் அது உரையாடல்தான். எதிர்த்தரப்பு பதிலைச் சிரிப்பில் சொல்கிறது. புதியவர்கள் அந்தப் பதிலைச் சொல்லவே விடுவதில்லை. ஒரு பன்ச் விழுந்து சிரிப்பு கிளம்பும்போதே, “அப்பாடா, வேலை செய்தது” என்ற நிம்மதியில் அடுத்த வரிக்குத் தாவிவிடுகிறார்கள். சிரிப்பவருக்குத் தன் சத்தத்தில் அடுத்த வரி காதில் விழாது. இப்படி இரண்டு முறை நடந்தால் கூட்டம் தானாகவே கற்றுக்கொள்கிறது, அடுத்த வரியைத் தவறவிடாமல் இருக்கச் சிரிப்பை அடக்குகிறது. பேசுபவரோ ஜோக் எடுபடவில்லை என்று நினைத்து இன்னும் வேகமாகப் பேசுகிறார். ஐந்து நிமிடச் செட் மூன்றரை நிமிடத்தில் தீர்ந்துபோவது இப்படித்தான். நம்மூர்ப் பட்டிமன்ற மேடையில் தேர்ந்த ஒருவரைக் கவனியுங்கள். சிரிப்பு கிளம்பியதும் துண்டைச் சரிசெய்வார், நடுவரைத் திரும்பிப் பார்ப்பார், ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். சிரிப்பு உச்சிக்குப் போய், இறங்கி, முழுசாக அடங்குவதற்குச் சற்று முன் அடுத்த சொல்லை எடுப்பார்.

டைமிங் என்றால் பன்ச்சுக்கு முன்னால் விடும் இடைவெளி என்று ஒரு நம்பிக்கை உண்டு. மொழியியலாளர்கள் சல்வத்தோரே அட்டார்தோவும் லூசி பிக்கரிங்கும் ஜோக் சொல்பவர்களின் பேச்சைப் பதிவுசெய்து அளந்தார்கள். 2011-இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, பன்ச்சுக்கு முன் தனியான இடைவெளி எதுவும் அவர்களுக்குத் தட்டுப்படவில்லை, குரல் உயரவும் இல்லை. அவர்கள் அளந்தது மேடைக் கலைஞர்களை அல்ல, சாதாரணமாக ஜோக் சொல்பவர்களை. இருந்தாலும், முன்னால் நிறுத்துவதைவிடப் பின்னால் நிறுத்தத் தெரிவதே முக்கியம் என்பது என் கட்சி.

பின்னால் நிறுத்துவதில் தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் வாக்கியங்கள் வினையில் போய் முடிகின்றன. யாரோ சொன்னதைத் திருப்பிச் சொன்னால் “ன்னு கேட்டாரு” வால்போல ஒட்டிக்கொள்ளும். ஓர் ஆரம்பக்காரரின் வரி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: “எதிர்வீட்டு மாமா என்ன பண்றேன்னு கேட்டாரு. காமெடி பண்றேன்னு சொன்னேன். அதுக்கு அவரு, அது பாத்தாலே தெரியுதுப்பா, வேலைக்கு என்ன பண்றேன்னு கேட்டாரு.” சிரிப்பு “வேலைக்கு” என்ற இடத்தில் கிளம்பத் தயாராகிவிட்டது. அதன்பிறகும் வாக்கியம் மூன்று சொல்லை இழுத்துக்கொண்டு வருகிறது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. இதையே கொஞ்சம் நறுக்கிப் பார்க்கலாம்: “எதிர்வீட்டு மாமா, தம்பி என்ன பண்றீங்கன்னாரு. காமெடி பண்றேன் மாமா. ஏற இறங்கப் பாத்தாரு. ‘அது தெரியுது தம்பி... வேலை?’” கடைசியில் கேட்டாரு, சொன்னாரு எதுவும் கிடையாது. யார் பேசுகிறார்கள் என்பதைக் கழுத்தைக் கொஞ்சம் திருப்பிக் காட்டிவிடலாம், மாமாவின் குரலையும் எடுத்துக்கொள்ளலாம். “வேலை?” என்பதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்த ஒரு நொடி மௌனம் பேசுபவருக்கு ஒரு யுகமாகத் தெரியும். கேட்பவர்களுக்கு அப்படித் தெரியாது.

சரி, எல்லாம் செய்தும் சிரிப்பு வரவில்லை என்றால்? எப்போதும் ஜோக்கைக் குற்றம் சொல்ல முடியாது. தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட, பிறரோடு இருக்கும்போது நாம் முப்பது மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்பது புரோவைனின் கணக்கு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த சோஃபி ஸ்காட்டின் குழு, பிறர் சிரிப்பைக் கேட்ட மாத்திரத்தில் முகத்தசைகளை அசைக்கத் தயாராகும் மூளைப் பகுதிகள் விழித்துக்கொள்வதைக் கண்டது. 2019-இல் அதே குழு, நாம் “கடி” என்று சொல்லும் ரகத்து ஜோக்குகளோடு சிரிப்பொலியைச் சேர்த்துப் போட்டுக்காட்டியது. அதே ஜோக்குக்குக் கூடுதல் மதிப்பெண் கிடைத்தது. செயற்கைச் சிரிப்பைவிட, அடக்க முடியாமல் வந்த சிரிப்பைச் சேர்த்தபோது இன்னும் கூடுதல். (ஸ்காட் தானே மேடையேறி ஸ்டாண்ட்-அப் செய்பவர்.) எண்பது நாற்காலி போட்ட கூடத்தில் பதினைந்து பேர் மூலைக்கொருவராக உட்கார்ந்தால் ஒருவர் சிரிப்பு இன்னொருவர் காதுக்குப் போய்ச் சேராது. தாழ்ந்த கூரையும் நெருக்கமான நாற்காலிகளும் இருட்டும் கொண்ட நிலவறைகளில் காமெடி கிளப்புகள் தழைப்பது இதனால்தான். நிகழ்ச்சியை நடத்துபவர் முதலில் “பின்னாடி இருக்கறவங்க எல்லாம் முன்னாடி வாங்க” என்று கெஞ்சுவது விருந்தோம்பலுக்காக இல்லை.

மைக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான மேடைகளில் கிடைப்பது 1966-இல் அறிமுகமான ஷூர் எஸ்எம்58 அல்லது அதன் சாயலில் வந்த ஒன்று. எதிரே இருப்பதை அதிகமாகவும் பின்னால் இருப்பதைக் குறைவாகவும் வாங்கும்படி அதை வடிவமைத்திருக்கிறார்கள். அந்தப் பாகுபாடு, தலைப்பகுதியின் பின்பக்கத் துளைகள் வழியாகவும் ஒலி நுழைவதால்தான் நடக்கிறது. ராப் பாடகர் பாணியில் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் துளைகள் அடைபட்டு, மைக் நாலாபக்கமும் கேட்க ஆரம்பிக்கும். ஸ்பீக்கரின் சத்தமும் உள்ளே வந்து “கூ” என்று அலறும். வலைத்தலைக்குக் கீழே பிடியுங்கள். வாயிலிருந்து இரண்டு மூன்று விரல் தள்ளி இருக்கட்டும். இன்னும் ஒட்டிக்கொண்டால் அடித்தொண்டைக் கனம் கூடும், பூதம் பேசுவதற்கு மட்டும் அது உதவும். மைக்கை எடுத்ததும் ஸ்டாண்டை நகர்த்தி ஓரமாக வைத்துவிடுங்கள். முகத்தின் குறுக்கே ஒரு கம்பி நிற்பது கேட்பவர்களுக்கு உறுத்தும்.

இறங்கி வந்தபிறகு ஒரு வேலை பாக்கி. கைபேசியில் பதிவான ஐந்து நிமிடத்தைத் திருப்பிக் கேட்க வேண்டும். தன் குரலைத் தானே கேட்பது கொடுமைதான். ஆனாலும் எழுதிய தாளை எதிரே வைத்துக்கொண்டு, சிரிப்பு எழுந்த இடத்தில் எல்லாம் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வர வேண்டும். புள்ளிகள் எதிர்பார்த்த இடத்தில் இருக்காது. புரோவைன் குறித்த சிரிப்புகளிலும் ஜோக் என்று சொல்லத்தக்க வாக்கியத்தைத் தொடர்ந்து வந்தவை நூற்றில் பத்து, இருபதுதான். மற்றதெல்லாம் “சரி, பாப்போம்” போன்ற சாதாரணப் பேச்சுக்கு வந்தவை. மேடையிலும் இந்தக் கூத்து நடக்கும். மூன்று நாள் உட்கார்ந்து செதுக்கிய பன்ச்சுக்குச் சத்தமே இருக்காது. நடுவில் மைக் ஸ்டாண்ட் திருகு கழன்று சரிந்தபோது “நிக்க மாட்டேங்குது, இதுவும் என் வேலை மாதிரிதான்” என்று வாய்தவறி வந்த வரிக்குக் கூடமே அதிர்ந்திருக்கும். செதுக்கியதை மறுபடியும் செதுக்குங்கள், இல்லையேல் தூக்கிப் போடுங்கள். அந்தத் திருகை மட்டும் அடுத்த வாரம் மேடையேறும் முன் நீங்களே கொஞ்சம் தளர்த்தி வைத்துவிட்டுப் போகலாம். யாரும் கேட்க மாட்டார்கள்.