வேர்க்கால்வாய் மருந்து
வேர்க்கால்வாய் மருந்து என்பது, தொற்றுற்ற பல்லின் வேர்க்கால்வாயைச் சுத்தம் செய்தபின் எஞ்சும் கிருமிகளை அழிக்க உள்ளே வைக்கப்படும் நுண்ணுயிர்க்கொல்லி ஆகும். பற்கூழ் இறந்தபின் அங்கு இரத்த ஓட்டம் இல்லாததால், விழுங்கும் மாத்திரைகள் கால்வாயைச் சென்றடைவதில்லை.

1920-இல் ஹெர்மன் அறிமுகப்படுத்திய கால்சியம் ஹைட்ராக்சைடு பசையே பெரிதும் பயன்படுகிறது. இதன் மிகுந்த காரத்தன்மை (பிஎச் சுமார் 12.5) பெரும்பாலான பாக்டீரியாக்களைக் கொல்லும், என்டெரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் தாக்குப்பிடிக்கும். மெட்ரோனிடசோல், சிப்ரோஃபிளாக்சசின், மினோசைக்ளின் கலந்த மும்மருந்துப் பசையும் உண்டு. இதிலுள்ள மினோசைக்ளின் பல்லைக் கறைப்படுத்தக்கூடும்.

கோயம்புத்தூரில் ஸ்ரீ ராமகிருஷ்ணா பல் மருத்துவக் கல்லூரி போன்றவற்றில் வேர் சிகிச்சை அளிக்கப்படுகிறது. மருந்து வைத்தபின் வலி நின்றாலும் சிகிச்சை முடிந்துவிடாது. தற்காலிக அடைப்பு கசிந்தால் கிருமிகள் மீண்டும் புகும். குறித்த நாளில் நிலையாக அடைக்காவிட்டால் பல்லையே இழக்க நேரிடலாம்.